பவளம் வெளிறினால் முதலில் போத்தலைத் திறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வீட்டுப் பவளத் தொட்டி, அதாவது உப்புநீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொழுதுபோக்குக்கும் தமிழ் நாளிதழில் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், பவளத்தின் நிறம் மங்கினால் அது நுண்தனிமக் (இரும்பு, அயோடின் போல மிகச் சிறு அளவில் இருக்கும் தனிமங்கள்) குறைபாடு, நாள்தோறும் சில சொட்டு மருந்து விட்டால் போதும் என்று அதில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட முடியாது. அதை நம்பிக் கடைக்கு ஓடுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நான் கடல் உயிரியல் படித்தவன் அல்லன். மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரக் கணக்கு எழுதிய கிராணி. ஓய்வு பெற்ற பிறகு ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். முன்னறையில் 200 லிட்டர் பவளத் தொட்டி இருக்கிறது. அதைப் பார்க்க வரும் எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் தங்கள் தொட்டியின் படத்தைக் கைப்பேசியில் நீட்டி, "அங்கிள், இதற்கு எந்தப் போத்தல் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். தண்ணீரில் என்ன குறைந்திருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். செம்பனையின் கீழ்மட்டை ஆரஞ்சு நிறமாக மாறினால் மெக்னீசியம் குறைவு என்று மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லிவிடுவார். வெயில் படும் இலை மட்டும் நிறம் மாறி, நிழலில் இருக்கும் இலை பச்சையாகவே இருந்தால் அவர் சொன்னது சரி. ஆரஞ்சுப் புள்ளிகளாக வந்தால் அது பொட்டாசியக் குறைவாக இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பொட்டாசியத்தை அள்ளிப் போட்டால் மரம் மெக்னீசியத்தை எடுத்துக்கொள்வது குறைந்துபோகும் என்பது வேறு. அதனால்தான் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல், 17ஆவது மட்டையின் நடுப்பகுதியிலிருந்து இலை நறுக்கி ஆய்வுக்கு அனுப்புவார்கள். தாள் வந்த பிறகுதான் உர மூட்டை ஸ்டோரைவிட்டு வெளியே வரும். இலை நுனி கொக்கி போல வளைந்தால் போரான் குறைவு என்பது தோட்டத்தில் சிறுவனுக்கும் தெரியும். அப்போதும் போரேட்டை மரத்துக்கு இத்தனை கிராம் என்று அளந்துதான் போடுவோம். போரானில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு.

இவ்வளவு கவனம், மழை பெய்தால் மிச்ச உரம் கழுவிப் போகும் திறந்த நிலத்துக்கு. கண்ணாடித் தொட்டியில் மழை ஏது, வாய்க்கால் ஏது? மிகுதியாக விட்ட ஒன்றைப் பவளமோ பாசியோ உண்ணாவிட்டால், நாம் அள்ளி வெளியே ஊற்றும்வரை அது பெரும்பாலும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறோம் என்று வையுங்கள். மிகுதியில் பாதி வெளியேறவே ஏழு முறை மாற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கின்றன. ஸ்டிரான்சியம் 8 மில்லிகிராம். அயோடின் 0.06 மில்லிகிராம்தான். அப்படியானால் என் 200 லிட்டர் தொட்டியில் கால்சியம் 84 கிராம் இருக்க வேண்டும். அயோடினோ மொத்தமே 12 மில்லிகிராம், ஓர் அரிசி மணியின் எடையில் ஏறக்குறையப் பாதி. இரும்பு அதைவிடவும் குறைவு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு நுண்ணிய அளவை "தினம் சில சொட்டு" என்று எழுதுவது பொறுப்பான பேச்சா? எந்தப் போத்தல், எவ்வளவு செறிவு, தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் என்று எதுவும் இல்லை.

நுண்தனிமம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. அந்த வேலைக்கு இரும்பு வேண்டும். நீரைப் பிளந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இடத்தில் மாங்கனீசு வேண்டும். கரியமில வாயுவைக் கையாளும் நொதியில் துத்தநாகம் இருக்கிறது. ஸ்டிரான்சியத்தைப் பவளம் கால்சியத்தோடு சேர்த்துத் தன் எலும்புக்கூட்டில் பதித்துக்கொள்கிறது. அது உண்மையிலேயே தேவையா, கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறதா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. தொட்டியில் உயிர்கள் பெருகப் பெருக இவை குறையும். நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் வடிகட்டியில் வைக்கும் கரியும் தம் பங்குக்குச் சிலவற்றை எடுத்துவிடும். குறைபாடு கற்பனை அல்ல. ஆனால் வெளிறிய பவளத்தைப் பார்த்தவுடன் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதுவும் அல்ல.

எங்கள் ஊரில் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான் விழ வேண்டும். பிற்பகலில் வரிசை வீட்டுக்குள் வெப்பம் எளிதாக 31, 32 பாகையைத் தொடுகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி அதன் பின்னாலேயே ஏறுகிறது. பவளம் 25, 26 பாகையில் நிம்மதியாக இருக்கும். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தாலே கடலில் பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்குகிறது. 2010இல் அப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசு மூடி வைத்தது. அங்கே கடலுக்கு என்ன நுண்தனிமம் குறைந்துபோயிற்று?

அடுத்தது காரத்தன்மை. கடலில் அது சுமார் 7 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). தொட்டியில் 7க்கும் 9க்கும் இடையே ஓர் எண்ணில் அசையாமல் நின்றால் போதும். இன்று 7, நாளை 10, மறுநாள் 8 என்று ஆடினால் எந்தப் போத்தலாலும் பவளத்தைக் காப்பாற்ற முடியாது. மெக்னீசியம் இறங்கிவிட்டால் கால்சியமும் காரமும் நீரிலேயே சுண்ணாம்பாகப் படிந்துபோகும், இரண்டையும் நிலையாக வைக்க முடியாது. பிறகு ஒளி. புது விளக்கு வாங்கிய வாரத்திலேயே பவளம் வெளிறுவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! கடைசியாக, பலரும் நம்ப மறுப்பது: தொட்டி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்துக்குப் போனால் நுண்பாசி பட்டினி கிடந்து பவளம் வெளிறும். இரண்டும் மிகுந்தாலோ நுண்பாசி பெருகிப் பவளம் பழுப்பாகும். பவளத்தின் சொந்த நிறமான நீலமும் இளஞ்சிவப்பும் அந்தப் பழுப்புக்கு அடியில் மறைந்துபோகும். ஒளியைத் தவிர மற்றவற்றை வெப்பமானியாலும் சாதாரணச் சோதனைப் பெட்டியாலும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நிறம் திரும்பவில்லை என்றால் அப்போது ஐசிபி ஆய்வுக்கு, அதாவது நீரில் ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு என்று கருவியால் அளக்கும் ஆய்வுக்கு அனுப்புங்கள். சிறு குப்பியில் நீரை நிரப்பிக் கடை மூலம் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். செம்பனைக்கு 17ஆவது மட்டை எப்படியோ, தொட்டிக்கு அந்தக் குப்பி அப்படி. ஆனால் அந்தத் தாளையும் வாசிக்கத் தெரிய வேண்டும். இரும்பு, கோபால்ட் போன்றவை இயற்கைக் கடல்நீரிலேயே அந்தக் கருவியின் பிடிக்குச் சிக்காத அளவில்தான் இருக்கின்றன. தாளில் சுழியம் என்று வந்ததாலேயே குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது. இரும்பை ஊற்றினால் பவளத்துக்கு முன் பச்சைமயிர்ப் பாசி சாப்பிட்டு விடும்.

செம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால் புதையும் காம்புட் (மக்கிய தாவரங்களாலான சதுப்பு) மண்ணில் செம்பனையின் நடு மட்டைகள் வெளிறும்போது அதைக் காப்பாற்றுவது செம்பு கலந்த மயில்துத்தம். அதே செம்பு பவளத் தொட்டியில் கொலைகாரன். கடல்மீனின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்தை லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரை பயன்படுத்துவார்கள். இயற்கைக் கடல்நீரில் இருப்பதைவிட அது நூற்றுக்கணக்கான மடங்கு. மீன் பிழைக்கும், பவளமும் இறாலும் பிழைக்கா. நுண்தனிமக் கலவை என்று விற்கும் போத்தல்கள் சிலவற்றில் செம்பும் சேர்ந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒட்டுத்தாளில் அச்சிடாத போத்தலை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. எங்கள் பகுதிக் கடை ஒன்றில் அதைக் கேட்டபோது, "எல்லாரும் வாங்குகிறார்கள், அங்கிள்" என்பதுதான் பதில்.

இன்னொன்று. கடல் பக்கத்தில்தானே, பாகான் டத்தோவில் தண்ணீர் மொண்டுவந்தால் இயற்கையான நுண்தனிமம் இலவசமாகக் கிடைக்காதா என்று கேட்கிறவர்களும் உண்டு. அது ஆறுகள் வந்து கலக்கும் சேற்றுக்கடல். உப்பு குறைவு, வண்டல் அதிகம், தோட்டங்களிலிருந்து வடியும் உரமும் அதில் சேர்கிறது. நல்ல செயற்கை உப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, பத்தில் ஒரு பங்கு நீரை வாரந்தோறும் மாற்றி வந்தால், பவளம் அதிகம் அடைபடாத தொட்டிக்கு நுண்தனிமம் பெரும்பாலும் அதிலிருந்தே கிடைத்துவிடும். போத்தல் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஆகவே, அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐசிபி ஆய்வுத் தாளை வரிவரியாக எப்படி வாசிப்பது என்று விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. உதாரணத்துக்குத் தாள் வேண்டுமென்றால் என்னுடையதை அனுப்பித் தருகிறேன். ஒன்றில் அயோடின் குறைவு என்று வந்து, அளந்து ஊற்றி, மறு ஆய்வில் சரியானது உண்டு. இன்னொன்றில் துத்தநாகம் கூடுதலாக வந்து, பம்பின் துருப்பிடித்த காந்தத்தைக் கழற்றி எறிந்ததும் உண்டு.

இப்படிக்கு,
முன்னாள் உரக் கிராணி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.