சீலை தந்தவர்களுக்கும் திருத்தித் தந்தவர்களுக்கும்

அன்புள்ள அம்மாமாருக்கும் அக்காமாருக்கும், கூடமாட நின்ற எல்லோருக்கும்,

கிளிநொச்சி ஆட்டம் முடிந்து பத்து நாளாகிவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டேன், அதனால்தான் இந்த மடல் பிந்துகிறது. குறை நினைக்காதீர்கள்.

போர்க்காலத்துப் பெண்களைப் பற்றிய ஓராள் நாடகம் என்று நோட்டீசில் போட்டிருந்தோம். ஆறு இடங்களிலும் மேடையில் நின்றது நான் ஒருத்திதான். ஆனால் அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் எது என்னுடையது, எது உங்களுடையது என்று எனக்குத் தெரியும். அதைப் பகிரங்கமாகச் சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பெயர்களை எழுதவில்லை. "எங்கட பேர் ஒண்டும் போட்டிடாதை பிள்ளை" என்று உங்களில் பலர் என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள். வாசிக்கும்போது அவரவர் தங்களைக் கண்டுகொள்வீர்கள்.

முதல் நன்றி முள்ளியவளை மாமிக்கு. போன வருடம் சித்திரையில் உங்கள் வீட்டு விறாந்தையில்தான் முதல்முதலாக நாடகத்தை ஆடிக் காட்டினேன். பங்கர் (பதுங்குகுழி) காட்சியில் நான் பத்து நிமிடம் அழுதேன். குப்புற விழுந்து, மண்ணை அள்ளி, குரல் அடைக்க அழுதேன். நீங்கள் சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டே பார்த்தீர்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னீர்கள்: "நல்லாத்தான் அழுறாய் பிள்ளை. ஆனா எங்களுக்கு அழ எங்கை நேரமிருந்தது? உலை வைக்க வேணும், தண்ணி அள்ள வேணும், சின்னனுகளை வெளியில ஓடாமப் பிடிக்க வேணும். செல் விழுந்து ஓய்ஞ்ச உடனை முதல் வேலை அடுப்பைப் பாக்கிறதுதான். கஞ்சிக்குள்ள மண் விழுந்திருக்கும்."

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது பிரதியை எடுத்து, அழுகிற இடங்களையெல்லாம் பேனையால் அடித்தேன். பதினொரு இடங்கள். அவ்வளவுக்கும் பதிலாக என்ன வேலை நடந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதியதுதான் இப்போது நீங்கள் பார்த்த நாடகம்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்காரி. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு வன்னியில் நடந்ததை யாழ்ப்பாணத்தில் இருந்த நாங்கள் வானொலியிலும் வாய்ச்செய்தியிலும்தான் அறிந்தோம். போர் முடிந்த 2009 மே 18 அன்று நான் பாதுகாப்பான ஒரு வீட்டுக்குள் இருந்தேன். கடைசி நாட்களில் சனம் அடைபட்டுக் கிடந்த மாத்தளன், முள்ளிவாய்க்கால் கடற்கரைகளை நான் காணவில்லை. காணாதவள் எழுதினால் அழுகையைத்தான் எழுதுவாள் போலிருக்கிறது. உங்களைத் தேடி வந்திராவிட்டால் அந்தப் பத்து நிமிட அழுகையோடுதான் மேடையேறியிருப்பேன், சனமும் கைதட்டியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

விசுவமடுத் தையல்கார அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், கரை சரியும், மண்மூட்டை அடுக்காமல் பங்கர் நிற்காது. சாக்கு முடிந்துபோக, பெண்கள் சீலைகளை எடுத்தார்கள். இவ்வளவும் நான் முன்பே வாசித்திருந்தேன். ஆனால் எப்படித் தைத்தார்கள் என்று நான் எங்கும் வாசித்ததில்லை. நீங்கள்தான் தரையில் ஒரு பழைய வொயில் சீலையை விரித்து, முழத்தால் அளந்து காட்டினீர்கள். ஒரு சீலையில் ஏழெட்டுப் பை வரும். அடிப்பக்கத்தை இரண்டு தரம் மடித்து இரட்டைத் தையல் போடவேண்டும், இல்லாவிட்டால் மணல் பாரத்தில் பிரிந்துவிடும். பட்டுத்தான் மணலை நன்றாகத் தாங்கியது என்றீர்கள். கூறைச் சீலையைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, கடைசியில் அதையும் வெட்டியதாகச் சொன்னபோது உங்கள் கை தைப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கையைத்தான் மேடையில் செய்ய முயன்றேன்.

மூன்று நாள் எனக்குத் தைக்கப் பழக்கினீர்கள். "ஊசி பிடிக்கிற விதத்திலயே பொய் தெரியுது" என்று முதல் நாள் சொன்னதை மறக்கமாட்டேன். நாடகத்தில் பன்னிரண்டு நிமிடம் வசனமே இல்லாமல் ஒரு பை தைக்கிறேன். யாழ்ப்பாண ஒத்திகையைப் பார்த்த சில நண்பர்கள் அது நீளம், வெட்டிவிடு என்றார்கள். வெட்டவில்லை. முல்லைத்தீவில் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. ஓர் ஆச்சி மட்டும் முன்வரிசையிலிருந்து, "அடியை இன்னொருக்கா மடி மோனை" என்றார். மடித்தேன்.

புதுக்குடியிருப்பில் இருந்து வந்து கதைத்த தங்கைக்கும் நன்றி. பதினாறு வயதில், புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பான பிள்ளைபிடிக்குத் தப்புவதற்காக, முன்பின் தெரியாத ஒருவருக்கு அவசரமாகக் கழுத்தை நீட்டிய கதையை நீங்கள் சொன்னீர்கள். அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் தாலி கட்டினார்கள். இதை மேடையில் சொன்னால் எங்கள் சனமே கோபிக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சொல்லுங்கோ அக்கா, நடந்ததுதானே" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பங்கருக்குள் ஆட்களோடு ஆட்களாக இருந்தபோது மாதவிலக்கு வந்தால் என்ன செய்தீர்கள், கிழித்த துணியை எங்கே அலசினீர்கள், போரில் தப்பி வந்தவர்களை அடைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மறைப்பில்லாமல் எப்படிக் குளித்தீர்கள் என்பதையும் நீங்களும் உங்கள் சிநேகிதிகள் இருவரும்தான் வெட்கத்தை விட்டுச் சொன்னீர்கள். மூன்று லட்சம் பேர் வரையில் கம்பிவேலிக்குள் இருந்த காலம் என்று எல்லோரும் எழுதினார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீர் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்பதை நீங்கள் சொல்லித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

புத்தளத்து ராத்தாவுக்கு, எங்கள் முஸ்லிம் அக்காவுக்கு, என் சலாம். எங்கள் அம்மாவுக்கு ஒக்டோபர் 30 என்றால் 1995. புலிகள் ஒலிபெருக்கியில் வெளியேறச் சொன்னார்கள், வலிகாமம் முழுக்க ஒரே வீதியில் இறங்கியது, மழை, நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்கவே நெடுநேரம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் ஏந்திக் குடித்தது நினைவிருக்கிறது. ராத்தா, உங்களுக்கு அதே ஒக்டோபர் 30 என்றால் 1990. புலிகள் உங்களை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலம் தந்தார்கள், நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். வடக்கிலிருந்து அந்த நாட்களில் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். நாங்கள் ஐந்து வருடம் கழித்து நடந்தபோது உங்கள் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. நான் அதை அந்த வயதில் யோசிக்கவில்லை. என் அம்மாவும் யோசிக்கவில்லை என்று இப்போது ஒத்துக்கொள்கிறார்.

முதல் பிரதியில் உங்கள் காட்சி இல்லை. தமிழ்ப் பெண்களின் நாடகம் என்றுதான் எழுதியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் கோபிக்கவில்லை. ஏழு வயது மகளின் தோடு கழற்ற வராமல் நின்ற கதையைச் சொன்னீர்கள், வட்டிலப்பம் தந்து சாப்பிடச் சொன்னீர்கள். மேடையில் அந்தத் தோட்டுக் காட்சி நாலு நிமிடம்தான். யாழ்ப்பாணத்தில் அந்த நாலு நிமிடத்தில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். ஆட்டம் முடிந்து வயதான ஒரு ஆசிரியை வந்து, முஸ்லிம் பகுதியான சோனகத்தெருவில் தன்னோடு படித்த ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவள் இருக்கிறாளா என்று கேட்டார். உங்களிடம் விசாரித்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜாம் போத்தல் விளக்குச் செய்து தந்த மாஸ்டருக்கு நன்றி. அரசின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். போத்தலுக்குள் பஞ்சு, சொட்டு எண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாய்க்குள் திரி. இன்றைக்கு அந்த வால்வு தேடி நீங்கள் மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கினீர்கள். பனங்களியில் உடுப்புத் தோய்க்கும் காட்சிக்குப் பனம்பழம் கொண்டுவந்து தந்த உங்கள் துணைவிக்கும் நன்றி. அந்த மணம் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது. சவுக்காரம் இல்லாத காலத்தை அதைவிட நன்றாக எந்த வசனமும் சொல்லியிருக்காது.

எனக்கு நாடகம் சொல்லித்தந்த ரீச்சரையும் இங்கே வணங்கவேண்டும். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழியில் பழகியவர் அவர். போர் நடந்துகொண்டிருந்தபோதும் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் நாடகம் போட்ட தலைமுறை. "மேடையிலை நீ படுற கஷ்டத்தைக் காட்டாதை, செய்யிற வேலையைக் காட்டு" என்று எத்தனையோ வருடம் முன்பு சொன்னார். முருங்கையிலை உருவிய மாமி அதையே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

இனி, ஆட்டம் நடக்க உழைத்தவர்கள். பேசி முடித்த ஒரு மண்டபம், ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தரமுடியாது என்று கைவிரித்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. அந்த இரவில் கிராமத்துச் சனசமூக நிலைய முற்றத்தைத் திறந்துவிட்ட தம்பிமாருக்கும், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கதிரை ஏற்றிவந்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும் கோடி நன்றி. நூற்றைம்பது கதிரை. ஒன்றுகூடக் குறையாமல் அடுத்த நாள் எண்ணி ஒப்படைத்ததும் அவர்கள்தான். ஆறு ஆட்டத்துக்கும் ஒலி அமைத்த தம்பி அலுமினியச் சட்டியையும் சைக்கிள் டைனமோவையும் தவிர வேறொன்றும் பாவிக்கவில்லை. கிபிர் போர்விமானத்தின் சத்தத்தைப் பதிவுசெய்து போடலாமா என்று முதலில் யோசித்தோம். மட்டக்களப்பில் உளவளத்துணை செய்யும் அக்கா வேண்டாம் என்றார், பார்ப்பவர்களில் அந்தச் சத்தத்தைத் தாங்காதவர்கள் இருப்பார்கள் என்றார். ஒவ்வொரு ஆட்டத்திலும் வாசலடியில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்து, இடையில் எழுந்து வந்தவர்களோடு கூட இருந்தவரும் அவரேதான். அவரை மேடைக்கு அழைத்தபோது வரவில்லை.

எந்த இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு எடுத்து வைத்திருந்த மாமியாருக்கும், மகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கிய என் கணவருக்கும் வீட்டிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இங்கேயும் ஒருமுறை.

கடைசியாகக் கிளிநொச்சித் தாய்மாருக்கு. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராடியபடியே கண்ணை மூடிவிட்ட தாய்மாரின் படங்களையும் இப்போது நீங்களே தூக்கிப் பிடிக்கிறீர்கள். உங்கள் முன்னால் ஆடத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. நான் எழுதியிருந்த தாய், மகனின் படத்தை நெஞ்சோடு அணைப்பாள். நீங்கள் அப்படிச் செய்வதில்லை என்பதை ஒத்திகைக்கு வந்த ஓர் அம்மா காட்டினார். படத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பைலுக்குள் முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை ஆணைக்குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அப்படியே மாற்றினேன்.

முடிவையும் நீங்கள்தான் மாற்றினீர்கள். என் பிரதியில் அந்தத் தாய் பைலைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், விளக்கு அணையும். "அவளை வீட்டை போக விடாதை பிள்ளை. நாங்கள் இன்னும் போகேல்லை" என்றீர்கள். அதனால் கிளிநொச்சியில் விளக்கை அணைக்கவில்லை. நான் மேடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சனம் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் போகவில்லை, மேடைக்கு ஏறிவந்து பக்கத்தில் இருந்துகொண்டீர்கள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள்.

மேடையில் கட்டியிருந்த பதினான்கு சீலைகளில் பதின்மூன்றைத் தோய்த்து மடித்துவிட்டேன், உரியவர்களுக்கு இந்த மாதத்துக்குள் வந்து சேரும். பரந்தன் அம்மாவின் நீலச் சீலை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைப்பில் ஜாம் போத்தல் விளக்கின் கரி பட்டுவிட்டது, இரண்டு தரம் தோய்த்தும் போகவில்லை அம்மா. இன்னொருமுறை வெயிலில் போட்டுப் பார்த்துவிட்டு, வாற ஞாயிறு நானே கொண்டுவந்து தருகிறேன்.