யாருக்கு முடியலை?

மகாராஜ நகர், பாளையங்கோட்டை
ஆடி 3

ஏட்டி கோமு,

சித்திரையில் நீ கேட்டதற்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டு, இங்கே கேட்காது. அம்மா வந்து தங்கப் போகிறாள், கட்டில் போட இடமில்லை, காற்றடிக்கிற மெத்தை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். அதற்குள் நானே ஒன்று வாங்கி, பட்டுத் தெளிந்துவிட்டேன். அதனால் முழுசாகக் கேள்.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை குறையவில்லை, வாயும் குறையவில்லை. சின்னவன் பிளஸ் டூ. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், நாங்கள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. குடை டீச்சரைச் சமாதானபுரத்தில் பார்த்தேன். அதே குடை!

சரி, மெத்தைக்கு வருகிறேன். ஆனித் தேருக்கு இவர் பக்கத்து ஆட்கள் பதினொரு பேர் வருவதாகச் சொன்னார்கள். இந்த மாடி வீட்டில் இரண்டு அறையும் ஒரு துண்டுப் பட்டாசலும்தான். மடித்தால் பள்ளிக்கூடப் பை அளவுக்கு வருகிறதே என்று ஆசைப்பட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். கொண்டு வந்த பையன் தெருவில் நின்றுகொண்டு, "அக்கா, ஏர் பெட் வந்திருக்கு" என்று கத்தினான். நம்ம ஊரில் ஏர் பெட் என்றால் யாருக்கு வாங்குவார்கள் என்று உனக்குத் தெரியாதா? அரை மணி நேரத்தில் கீழ் வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஏறி வந்துவிட்டாள். "அத்தைக்கு எப்போலேர்ந்து முடியலை?" அத்தை அப்போது அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவுகிற சத்தம் நின்றுபோனது. இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் வராமல் இருக்க, மாறி மாறிக் காற்று ஏறி இறங்குகிற மெத்தை வேறு, இது விருந்தாளிக்கு என்று விளக்கிப் பார்த்தேன். "காத்துலே படுக்க வைக்கிறதுதான் விருந்தோ?" என்றாள். அதோடு சரி.

முதல் ராத்திரி இவர் தங்கை வீட்டுக்காரருக்கு விரித்தோம். சவம், அந்த மோட்டாரைப் போட்டதும் கிரைண்டரும் மிக்ஸியும் சேர்ந்து ஓடுகிற சத்தம். மாப்பிள்ளை ஜமீன்தார் மாதிரி சாய்ந்தார். விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தால் முதுகு தரையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் மெத்தை எழும்பி, இலைக்குள் வைத்த கொழுக்கட்டை மாதிரி கிடக்கிறார். ஓட்டை ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டேன், ஒரு குமிழி வரவில்லை. சின்னவன்தான் விளக்கினான். புது மெத்தையின் பிளாஸ்டிக் முதல் சில நாள் இழுபட்டு நெகிழும், ராத்திரி சூடு குறையக் குறைய உள்ளே இருக்கிற காற்றும் சுருங்கும். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை அடிக்க வேண்டுமாம். மறுநாள் அடிக்கப் போனால் கரண்ட் இல்லை. சைக்கிள் பம்பு அந்த வாயில் பொருந்தவில்லை. வாங்கினால் காலால் மிதிக்கிற பம்பு ஒன்றும் சேர்த்து வாங்கு. தரையைத் துடைத்து, கீழே ஜமுக்காளம் போட்டு விரி. ஒரு பொடிக் கல் போதும், கதை முடிந்தது. இவர் தங்கை மகள் கைக்குழந்தையை அதில் போட வந்தாள், நான் விடவில்லை. மெத்தை அமுங்கினால் பிள்ளை மூக்கு புதைந்துவிடும். கொஞ்சம் முகம் கோணினாள், கோணட்டும்.

மூன்றாம் நாள் அத்தையே மனசு மாறி, "என்னதான் இருக்கு பார்ப்போம்" என்று ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓரத்துக்குப் பலம் கிடையாது, கோமு. அப்படியே வழுக்கிக்கொண்டு தரைக்குப் போய்விட்டாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

இத்தனை பட்டும் அதை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பாய். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி உன் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நான் போன் செய்து என்ன சொன்னேன்? "எங்க ஆறு அப்படியெல்லாம் செய்யாதுட்டி, குறுக்குத்துறை முருகனைக் குளிப்பாட்டிட்டுப் போயிரும்." பதிமூன்றே நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றார்கள். அப்போது நாங்கள் இருந்த சிந்துபூந்துறை வளவு வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு அத்தையைக் கையில் பிடித்து ஏற்றினோம், அவ்வளவுதான் முடிந்தது.

தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு கிடந்தன. அந்தப் பஞ்சில் தண்ணீர் லேசில் ஒட்டாது, மிதந்திருக்கின்றன. அத்தை கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பருத்தி மெத்தைதான் ஆற்றையே குடித்திருந்தது. நாலு ஆம்பிளைகள் சேர்ந்து பிடித்தும் கட்டிலை விட்டு அசையவில்லை. கடைசியில் அரிவாளால் கூறு போட்டு, கூறு கூறாகத் தெருவில் கொண்டு போய்ப் போட்டோம். அத்தை அழவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கூறாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது. போன வாரம்கூடச் சொன்னாள், "ஒன்பதா வெட்டுனாங்க" என்று.

அதற்கப்புறம் எந்தச் சாமானைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: நான் ஒருத்தியாக இதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியுமா? மர பீரோ போய் மடக்கு அலமாரி வந்தது. சாப்பாட்டு மேஜை சுவரோடு மடிகிறது. இவர், "நீயும் மடங்கிரு, பெட்டியில வச்சிரலாம்" என்கிறார்.

பத்தமடைப் பாய் மூன்று இருந்தது, சொல்ல விட்டுப்போனது. சேறோடு கிடந்ததை அலசி வெயிலில் காயப்போட்டேன். ஓரத் துணி மட்டும் கறுத்துவிட்டது, பாய்க்கு ஒன்றும் இல்லை. அத்தை சொன்னாள்: "கோரையை ஊறப்போட்டுத்தானே நெய்யுதான். ஆத்துத் தண்ணி அதை என்ன செய்யும்?" நன்றாகக் காயவைக்காமல் சுருட்டினால் மட்டும் பூசணம் பிடிக்கும். சுருட்டிக் கதவு மூலையில் நிறுத்தினால் ஒரு சாண் இடம்கூடப் போகாது. பட்டுப் பாய் என்று ஒன்று நெய்கிறார்களே, அதைத் துணி மாதிரி மடிக்கலாம், விலை நமக்கு ஆகாது.

அதனால் கோமு, அம்மாவுக்கு ஏர் மெத்தை வேண்டாம். ஒன்றரை அடி உயரத்தில் இரட்டை அடுக்கு வருகிறது, எழுந்திருக்கச் சுலபம் என்பார்கள், நம்பாதே, ஓரம் அதிலும் அமுங்கும். அந்த முட்டியோடு நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. இரும்பு மடக்குக் கட்டில் வாங்கு. கடைக்கு நேரில் போய் உட்கார்ந்து பார். பாதம் தரையில் பதிய வேண்டும், கால் கொண்டி டக்கென்று விழ வேண்டும், ஆட்டினால் கிறீச்சிடக் கூடாது. மேலே மெல்லிய மூன்று மடிப்பு ஃபோம் மெத்தை போதும். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் ஏர் மெத்தை வாங்கு, அவர்கள் தரைக்கு வந்தாலும் தூங்குவார்கள். ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சியோடு நாம் தூங்கவில்லையா?

அம்மா எந்தத் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறாள் என்று உடனே சொல். புதுப் பாய் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், ஜங்ஷனுக்கு வந்து கொடுத்துவிடுகிறேன். நீயும் இன்னும் தரைத்தளத்தில்தானே இருக்கிறாய்? அடுத்த ஒப்பந்தத்துக்காவது மாடி பார், ஏட்டி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன்
செம்பா

பின்குறிப்பு: ஏர் மெத்தையைக் கீழ் வீட்டு அக்கா நேற்று இரவல் வாங்கிப் போயிருக்கிறாள். அத்தை உடனே படியிறங்கிப் போய், அங்கே யாருக்கு முடியலை என்று விசாரித்துவிட்டு வந்தாள்.