புள்ளிகள் குறைந்தன, புகை?

புது தில்லி,
5 டிசம்பர் 2024

அன்புள்ள பாஸ்கரா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. மைத்துனரின் வழக்கைப் பற்றி நீயே ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதால் நானும் கேட்கவில்லை. இருமலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே அனைவரும் நலம்.

நெல் அறுவடைக்குப் பின் தாளை எரிக்கும் வயல் தீயைச் செயற்கைக்கோள் கண்டபடி சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும், நீ அனுப்பிய வரைபடத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரையிலான அறுவடைக் காலத்தில், பஞ்சாபில் சென்ற ஆண்டு 36,663 ஆக இருந்த வயல் தீ இந்த ஆண்டு 10,909 ஆகக் குறைந்துவிட்டது, இனியாவது தில்லிக்காரர்கள் விவசாயியைத் திட்டுவதை நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறாய். எண்கள் சரிதான். திட்டுவதை நிறுத்தவும் எனக்குச் சம்மதம். வண்டிப் புகையையும் ஆலைப் புகையையும் மறந்துவிட்டுப் பழியை முழுவதுமாக வயல் மேல் போடும் பழக்கம் இந்த ஊரில் உண்டு. ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகளை எண்ணிவிட்டுத் தீ குறைந்தது என்று நீ முடிவுக்கு வந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் புள்ளிகளைத் தருவது பெரும்பாலும் சுவோமி என்பிபி போன்ற துருவப் பாதைச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவி. தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிர்களை 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்து, அக்கம்பக்கத்தைவிட அளவுக்கு மீறிச் சூடாக இருக்கும் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கும். ஒரு புள்ளி என்பது ஒரு வயல் அல்ல. ஒரே கட்டத்துக்குள் நான்கு வயல் எரிந்தாலும் ஒரு புள்ளிதான். இந்தச் செயற்கைக்கோள்கள் பகலில் நம் தலைக்கு மேல் கடப்பதோ மதியம் ஒன்றரை மணியை ஒட்டிய வேளையில் மட்டுமே. நெல் தாள் நெடுநேரம் நின்று எரிவதில்லை. காய்ந்த தாளில் ஓரத்தில் கொளுத்தினால் தீ காற்றோடு வரப்பு வரை ஓடி அடங்கிவிடும். மிச்சம் கரிந்த கட்டைகளும் புகையும்தான். நான்கு மணிக்குக் கொளுத்திய வயல் அந்தக் கருவியைப் பொறுத்தவரை கொளுத்தப்படாத வயல். விடுதியில் வார்டன் ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு எடுத்துவிட்டுப் போன பிறகு நாம் சுவர் ஏறிய கதைதான் இது. பதிவேட்டின்படி நாம் எல்லோரும் உத்தமர்கள், மாணிக்கம் உட்பட.

இது என் கற்பனை அல்ல. நாசாவின் கோடார்ட் மையத்தில் புகையை ஆராயும் ஹிரேன் ஜெத்வா, ஜியோ கொம்சாட் 2ஏ என்ற கொரியச் செயற்கைக்கோளின் படங்களை வைத்து செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு வயல்கள் கொளுத்தப்படுவதை இந்தப் பருவத்தில் சுட்டிக்காட்டினார். அது பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. அத்தனை தொலைவிலிருந்து சின்னத் தீ தெரியாது, ஆனால் புகை தெரியும். அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டால், மதியம் ஓரளவு தெளிவாக இருந்த பஞ்சாபின் மேல் மாலை நெருங்க நெருங்கப் புகை திரண்டு எழுவதைப் பார்க்கலாம். தீயின் எண்ணிக்கை சரிந்தபோதும் வானில் மிதக்கும் புகைத்துகளின் அளவு அதற்கேற்பச் சரியவில்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

விவசாயி ஏன் அப்படிச் செய்கிறான் என்று நீ கோபப்படுவதற்கு முன் ஒன்றைக் கேள். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டு, ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு முன் அவனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வார இடைவெளிதான். அறுவடை இயந்திரம் முழங்கால் உயரத் தாளை விட்டுவிட்டுப் போகிறது. மாட்டுக்குப் போடலாமே என்பாய். உங்கள் பக்கத்தில் வைக்கோல் கட்டுக்கு இருக்கும் கிராக்கி அங்கே இல்லை, அவர்கள் மாட்டுக்குப் போடுவது கோதுமை வைக்கோலை. எரித்தது தெரிந்தால் ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய் அபராதம். நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பு விழுந்துவிட்டால் நிலத்தை அடகு வைக்கவும் முடியாது. தண்டனை முழுவதையும் ஒரு புள்ளியோடு கட்டிவைத்தால் மனிதன் முதலில் புள்ளியிடமிருந்துதான் தப்பிப்பான். அவன் இடத்தில் இருந்தால் நீயும் நானும் நேரம் பார்த்துத்தான் கொளுத்துவோம்.

எரிந்த பரப்பை அளப்பதே மேலான கணக்கு என்பது என் கருத்து. ஐரோப்பியரின் சென்டினல் 2 இருபது மீட்டர் நுணுக்கத்தில் கரிந்த மண்ணைக் காட்டிவிடும்; எந்த மணிக்கு எரிந்தது என்பது அதற்குப் பொருட்டல்ல. ஆனால் அது ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் வரும், அதற்குள் உழுதுவிட்டால் கருமை மண்ணுக்குள் போய்விடும். புகையை அளப்பதிலும் தொல்லை உண்டு. செயற்கைக்கோள் காண்பது வானின் மொத்தப் புகையை. நான் மூச்சில் இழுப்பதோ தரையோடு படிந்திருப்பதை. மிக அடர்ந்த புகையைக் கணிப்பொறி மேகம் என்று எண்ணி ஒதுக்கிவிடுவதும் உண்டு. அதாவது நிலைமை மிக மோசமான நாளில் படத்தில் வெற்றிடம் இருக்கும்! நவம்பர் 18 அன்று இங்கே காற்றுத் தரக் குறியீடு 494ஐத் தொட்டது. அன்று எங்கள் மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை.

தீ ஓரளவு குறைந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. இயந்திரங்கள் வந்திருக்கின்றன, ஆலைகளும் தாளை வாங்குகின்றன. மூன்றில் ஒரு பங்கானது என்பதைத்தான் நம்ப மறுக்கிறேன். அந்த வரைபடத்தை நம் பழைய மாணவர் குழுவிலும் நீ போட்டு, மாணிக்கம் அதற்குக் கைதட்டியும் இருக்கிறான். எரிந்த பரப்பின் கணக்கு வரும் வரை அதை நீக்கிவிடு. ஜனவரியில் உங்கள் சம்பா அறுவடையின்போது வருகிறேன். மீதியை நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
சுந்தரம்