லினக்ஸ் நிறுவும்போது வன்தட்டு தெரியவில்லையா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவுக் காலம் முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத, ஆனால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகள் குடாநாட்டில் ஏராளம். அவற்றில், விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளமாகிய லினக்ஸைத் (உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் என்பன அதன் வகைகள்) தாங்களாகவே நிறுவிப் பார்க்கும் துணிவு நம்மவர்களுக்கு வந்திருப்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. கூடவே ஒரே கேள்வியும் திரும்பத் திரும்பக் கடைக்கு வருகிறது: "உபுண்டு போடப் போனேன், வன்தட்டைக் காட்டவே இல்லை. தட்டு பழுதாகிவிட்டதா?"

பெரும்பாலும் தட்டில் பழுது இருப்பதில்லை. பல தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்ட் அமைப்புத்தான் குறுக்கே நிற்கிறது. அந்த நேரத்துப் பதற்றத்தில் செய்யும் அடுத்த வேலையால்தான் தரவுகள் அழிந்துபோகின்றன.

அண்மையில் சுன்னாகம் பக்கத்திலிருந்து ஒரு படப்பிடிப்பாளர் தன் கணினியைக் கொண்டுவந்தார். உள்ளே 2 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி, தாய்ப்பலகையிலுள்ள ரெய்ட் வசதியால் இணைக்கப்பட்டவை. உபுண்டுவை நிறுவித்தரும் மென்பொருள் ('நிறுவி'), இன்டெலின் ரெய்ட் வசதியான ஆர்.எஸ்.டி.யை நிறுத்தச் சொல்லி ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு மேலே போக மறுத்தது. யாரோ சொன்னபடி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போய் 'ரெய்ட்' என்றிருந்ததை, தட்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றினார். இரண்டு தட்டுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. முதலாவதை முழுதாக அழித்து நிறுவினார். பிறகு படங்களைத் தேடினால் எங்கும் இல்லை. இரண்டாவது தட்டும் திறக்க மறுத்தது. அதையும் 'போர்மட்' செய்துவிடலாமா என்று கேட்கத்தான் எங்களிடம் வந்தார். அவர் கேட்க வந்தது பெரிய புண்ணியம். அந்தத் தட்டை வாசிக்க மட்டும் அனுமதித்து இணைத்துப் பார்த்தோம். கலியாணவீடுகள், சாமத்தியவீடுகள் எல்லாம் அதில் முழுமையாக இருந்தன. பிரதி எடுக்கும் ரெய்ட் 1 என்பதால் தப்பினார். வேகத்துக்காகத் தரவைத் துண்டாக்கி இரண்டு தட்டுகளிலும் பிரித்து எழுதும் ரெய்ட் 0 ஆக இருந்திருந்தால் எங்களாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆகவே பயோஸில் கைவைக்கும் முன், கணினியில் இப்போது இருப்பது என்ன ரெய்ட், அதில் என்ன தரவு என்பதை அறிந்துகொள்ளுங்கள். 11ஆம் தலைமுறை இன்டெல் செயலி முதல் வந்த பல மடிக்கணினிகளில் ஒரேயொரு தட்டுத்தான் இருக்கும், ஆனாலும் வி.எம்.டி. என்ற இன்டெல் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவிக்கு அந்தத் தட்டு தெரியாமல் போகலாம். அங்கே பயோஸில் வி.எம்.டி.யை நிறுத்தினால் போதும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸை முதலில் 'சேஃப் மோட்' முறையில் தொடங்கும்படி அமைத்து, அதன் பிறகே பயோஸை மாற்ற வேண்டும். இல்லையேல் அடுத்த முறை நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸின் தரவுப் பூட்டான பிட்லொக்கர் இருந்தால் அது 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கலாம். அந்த இலக்கங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

அடுத்தது பாவித்த வன்தட்டுகள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய சேவையகத் தட்டு, அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட தட்டு என்று பலவும் வருகின்றன. முன்பு ரெய்டில் இருந்த தட்டு அந்த உறவை எளிதில் மறப்பதில்லை. தாய்ப்பலகை ரெய்டுகள் தங்கள் குறிப்பைப் பெரும்பாலும் தட்டின் கடைசிப் பகுதியில் எழுதி வைக்கின்றன. விரைவு 'போர்மட்' அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் வெறுமையாக்கிய தட்டைக்கூட லினக்ஸ் "இது ஒரு ரெய்டின் உறுப்பு" என்று கருதி ஒதுக்கிவிடுகிறது. இந்தத் தடயத்தைக் காண்பதற்கு 'வைப்-எஃப்.எஸ்.' (wipefs) என்ற கட்டளை உண்டு. தட்டின் பெயரை மட்டும் கொடுத்தால் தடயங்களைப் பட்டியலிடும், எதையும் அழிக்காது. 'ஏ' (-a) என்ற எழுத்தைச் சேர்த்துவிட்டால் காட்டுவதற்குப் பதிலாக அழித்துவிடும். இரண்டுக்கும் இடையில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மேலும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று லினக்ஸ் இடும் பெயர்கள் கணினியை மீண்டும் தொடங்கும்போது இடம் மாறக்கூடும். பெயரை நம்பாமல், தட்டின் மேலே ஒட்டியுள்ள தொடர் இலக்கத்தைத் திரையில் காண்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேவையகத் தட்டுகளில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. சேவையகங்களில் பாவிக்கும் எஸ்.ஏ.எஸ். இணைப்பு வகைத் தட்டு, வீட்டுக் கணினியின் வழமையான சாட்டா இணைப்பில் வேலை செய்யாது. சில தட்டுகளில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்கள் ('செக்டர்') 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட்டாக அமைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் புதிதாக வடிவமைக்கும்வரை லினக்ஸ் பாவிக்க மறுக்கும். வாங்கும் முன் தட்டின் படத்தை எங்களிடம் காட்டினால் சொல்லிவிடுவோம். பழைய ரெய்ட் அட்டையுடன் முழுச் சேவையகத்தையே வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2019இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 பல பழைய அட்டைகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. ரெட் ஹாட் நிறுவியில் தட்டுத் தெரியாவிட்டால் டெபியனையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

லினக்ஸ் மட்டுமே இயங்கப்போகும் கணினிக்கு, தாய்ப்பலகை ரெய்ட் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அங்கேயும் உண்மையில் கணக்கைச் செய்வது கணினியின் செயலிதான். தனி அட்டை எதுவும் செய்வதில்லை. லினக்ஸின் சொந்த ரெய்டை 'எம்.டி.ஏ.டி.எம்.' (mdadm) கருவி மூலம் அமைத்தால், பலகை எரிந்துபோனாலும் தட்டுகளை வேறொரு லினக்ஸ் கணினியில் பூட்டித் தரவை எடுக்கலாம்.

ஆனால் இதிலும் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. கணினியைத் தொடக்கிவைக்கும் சிறிய ஈ.எஃப்.ஐ. பகுதியை முதல் தட்டில் மட்டும் அமைத்துவிடுகிறார்கள். முதல் தட்டு பழுதானால் தரவு இரண்டாவதில் பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் எழும்பாது. நாங்கள் இரண்டு தட்டுகளிலும் அந்தப் பகுதியை அமைக்கிறோம். ஒப்படைக்கும் முன் முதல் தட்டின் வயரைக் கழற்றிக் கணினி எழும்புகிறதா என்று பார்க்கிறோம். பின் அதைப் பூட்டி, ரெய்டில் மீண்டும் சேர்த்து, இரண்டு தட்டுகளும் ஒன்றுபோலாகும் சமப்படுத்தல் முடிந்தபிறகு மற்றதைக் கழற்றிப் பார்க்கிறோம். நீங்களே நிறுவினாலும், தரவை ஏற்றும் முன் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.  சோதனை முடிந்ததும் ரெய்டின் நிலையைப் பாருங்கள். இரண்டு 'யூ' எழுத்துகள் அருகருகே தெரிந்தால் இரண்டு தட்டுகளும் நலம். ஒன்றின் இடத்தில் கீழ்க்கோடு தெரிந்தால் ஒரு தட்டு விலகி நிற்கிறது. மீண்டும் சேர்த்து, சமப்படுத்தல் முடியும்வரை காத்திருங்கள். அந்த வேளையில் மின்சாரம் போகக்கூடாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரெய்ட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் யூ.பி.எஸ். ஒன்றும் வைத்திருங்கள். பெட்டிக்கு வெளியே, வேறோர் இடத்தில், இன்னொரு பிரதியும் இருக்கட்டும். தவறுதலாக அழித்த கோப்பை ரெய்ட் இரண்டு தட்டுகளிலும் ஒரே நொடியில் அழித்துவிடும்.

தட்டுத் தெரியாமல் எங்களிடம் வருகிறவர்கள் கணினியை முழுதாகக் கொண்டுவாருங்கள். தட்டுகளைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், எது எந்த இணைப்பில் இருந்தது என்று பேனாவால் தட்டின் மேலேயே எழுதுங்கள். பயோஸில் எதை மாற்றினீர்கள், திரையில் என்ன வந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். தவறாக எதையாவது அழுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியும். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கணினிக் கடையினர்,
ஸ்டான்லி வீதி, யாழ்ப்பாணம்.