ஒரே ஒரு வண்டி கேட்கிறோம்

மதிப்பிற்குரிய மைதான நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த ஜூனில் உங்கள் மைதானத்துக்குக் கோல்ஃப் ஆட வந்த நால்வரில் ஒருவன் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் சேர்த்து, ‘குறித்துக்கொண்டோம்’ என்று ஒரே ஒரு வரி வந்தது. அதனால்தான் இம்முறை எல்லோரும் பார்க்க, எனக்கு மனம்விட்டுப் பேச வருகிற மொழியில் எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் படி தனியாக உங்களுக்கு வந்துசேரும். மைதானத்தின் பெயரை எழுதவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் கரையில் இருபதுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. நான் யாரிடம் பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நாங்கள் நால்வரும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். இன்று ஒருவன் டொராண்டோவில், ஒருவன் சென்னையில், இரண்டு பேர் லண்டனில். அறுபதை நெருங்கும் வயதில் மூன்று இரவு ஒன்றாக இருக்க வேண்டும், மஸல்பரோவில் தொடங்கிக் கடலை ஒட்டியே கிழக்கே போய் டன்பாரில் முடிக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே திட்டம் போட்டோம். ரயில் நேரம், அறை வாடகை எல்லாம் அப்புறம்தான். முதலில் நாங்கள் யோசித்தது எங்களில் ஒரு நண்பனின் காலைப் பற்றி. சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நாலு வருடமாகிறது. செயற்கைக்காலோடு சமதரையில் நன்றாகவே நடப்பான். மணல்மேடு ஏறி இறங்கிப் பதினெட்டுக் குழி நடக்க அவனால் முடியாது. இதை ஒவ்வொரு மைதானத்துக்கும் எழுதிக் கேட்டோம். பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆடுபவர்கள் மைதானத்துக்குள் உட்கார்ந்து போகிற பக்கி வண்டி ஒன்று ஒதுக்கியாயிற்று, மருத்துவச் சான்று அனுப்புங்கள் என்றீர்கள். அனுப்பினோம். நாலு பேருக்கும் முழுப் பணமும் கட்டினோம்.

முதல் நாள் மஸல்பரோ பழைய மைதானம். குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவே ஒன்பதே குழி. 1672இலேயே அங்கே ஆடியதற்கு எழுத்துச் சான்று உண்டு. சமதரை என்பதால் நண்பன் ஒன்பதையும் நடந்தே முடித்தான். கால் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை உங்களிடம் வந்தோம். இரவு மழை பெய்திருக்கிறது, இன்று வண்டி விடுவதில்லை என்றார், ஆட்டக்காரர்களை வரிசைப்படி அனுப்பும் உங்கள் ஸ்டார்ட்டர். கொட்டகைக்குள் இரண்டு வண்டிகள் உறை போட்டு நின்றன. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஆடாமல் போனால் பணம் திரும்பாது என்றும் சொன்னார். போய்விடலாம் என்றுதான் நாங்கள் மூவரும் சொன்னோம். “இவ்வளவு தூரம் வந்துட்டு என்னால நீங்க ஆடாமப் போறதா? நடந்துடறேன்டா” என்றான் அவன்.

ஆறாவது குழி வரை நடந்தான். ஏழாவதில், முதல் அடி அடிக்கும் டீ மேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே கடலில் பாஸ் ராக் என்ற பாறைத் தீவு, கேனட் என்னும் கடற்பறவைகள் அப்பி வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் காட்சிக்காகத்தான் அத்தனை மாதம் காத்திருந்தோம். அவன் கால்சட்டையை மேலே சுருட்டி, செயற்கைக்காலைக் கழற்றி, சிலிக்கோன் உறையை மெதுவாக உருட்டி இறக்கினான். உள்ளே இருந்த வெள்ளைத் துணியில் ரூபாய் அளவுக்கு ரத்தம். அதை என் கண்ணில் படாமல் மடித்துவிட்டு, “நீங்க அடிங்கடா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க” என்றான்.

உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். ஆட வேண்டாம், திரும்பக் கூட்டிப்போக மட்டுமாவது அந்த வண்டியை அனுப்புங்கள் என்று கேட்டேன். விதி இடம் தராது என்றார்கள். நான் பேசிக்கொண்டிருந்தபோதே உங்கள் பராமரிப்பு டிராக்டர் எங்களைத் தாண்டி அதே ஈரப் புல்லின் மேல் போயிற்று. என் தோளைப் பிடித்தபடி அவன் நொண்டி நொண்டித் திரும்பி வந்தான். புண் ஆற மூன்று வாரம் ஆனது. சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் ஏற்கெனவே கால் எடுத்த இடத்தில் புண் என்றால் என்ன பயம் என்பது அந்த மூன்று வாரமும் அவன் வீட்டுக்குத்தான் தெரியும்.

ஈரப் புல்லை வண்டி கெடுக்கும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் உங்களுடையது களிமண் பூமி இல்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம், மழைத்தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். டிராக்டர் போகிற தரையில் ஒரு வண்டி போகக் கூடாதா? கோல்ஃப் என்றால் நடந்து ஆடுவதுதான் என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் எங்கள் காதுபடச் சொன்னார். 1744இல் எடின்பரோவை ஒட்டிய லீத்தில் எழுதிய கோல்ஃபின் முதல் பதின்மூன்று விதிகளில் நடந்தே போக வேண்டும் என்று ஒரு விதிகூடக் கிடையாது. கால் நோயுள்ள அமெரிக்க ஆட்டக்காரர் கேஸி மார்ட்டின் தொழில்முறைப் போட்டியிலேயே வண்டியில் போகலாம் என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டிலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிக்கு நியாயமான வசதி செய்து தரச் சொல்கிறது.

உங்கள் அக்கம்பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதற்கான தீர்மானம் முயிர்ஃபீல்டு கோல்ஃப் மைதானத்தில் 2016இல் தோற்றது. பெரும் புகழ்பெற்ற ஓபன் கோல்ஃப் போட்டி இனி அங்கே கிடையாது என்று அதை நடத்துபவர்கள் அறிவித்த பிறகு, மறு வருடமே மறுபடி வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டும் வரை உள்ளே இருப்பவர்களுக்கு ஏன் எதுவும் உறைப்பதில்லை? பரம்பரை, வழக்கம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஸ்டார்ட்டர்மேல் நடவடிக்கை எடுங்கள் என்றும் கேட்கவில்லை. அவர் உங்கள் விதியைத்தான் சொன்னார். நடக்க முடியாதவருக்கென்று ஒரே ஒரு வண்டியை எப்போதும் ஒதுக்கி வையுங்கள். மழை பெய்தாலும் அது ஓடும் என்று முன்பதிவுக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். மைதானம் மூழ்கிப் போகிற அளவுக்கு மழை என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வேறு நாள் கொடுங்கள்.

வருகிற செப்டம்பரில் மறுபடி அந்தக் கரைக்கு வருகிறோம். உங்கள் ஏழாவது குழியை ஆடி முடிக்க வேண்டும் என்று அவன்தான் சொல்கிறான். நாலு பேருக்கு ஒரு நேரமும், ஒரு வண்டியும் கேட்டு இத்துடன் விண்ணப்பம் வைத்திருக்கிறேன். வண்டி உண்டா, இல்லையா என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள். ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

மரியாதையுடன்,
நால்வரில் ஒருவன்
லண்டன்