கண்டிப் பெருந்துவக்குகளும் மட்டக்களப்புக் கோட்டையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நெதர்லாந்து அரசு 2023 டிசம்பரில் இலங்கையிடம் திருப்பி ஒப்படைத்த ஆறு பழம்பொருள்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கண்டி அரசின் மாகாண அதிபதியான லெவ்கே திசாவையின் பீரங்கியே முன்னால் வந்து நிற்கிறது. 1740களில் கண்டி மன்னருக்குக் காணிக்கையாக்கப்பட்டு, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைக்கப்பட்ட அச்சிறு பீரங்கியை, 1765 இல் கண்டி அரண்மனையைச் சூறையாடிய ஒல்லாந்தப் படை கொண்டுபோயிற்று. ஆகவே அதற்குள்ள புகழில் தவறில்லை. ஆனால் அந்த ஆறில் ‘மகா துவக்கு’ எனப்படும் பெருந்துவக்குகள் (பெரிய துப்பாக்கிகள்) இரண்டும் அடங்கும் என்ற செய்தி பெரும்பாலும் அரை வரியில் கடந்துபோகிறது. தோளில் ஏந்திச் சுட முடியாத பாரமுடைய இவ்வகைத் துவக்குகள் மதில்மீதோ தாங்கியிலோ வைத்துச் சுடுவதற்கென்று செய்யப்பட்டவை.

கண்டித் துவக்குகளின் அமைப்பே தனி. ஐரோப்பியத் துவக்குகளில் வலப்புறம் இருக்கும் விசைப்பொறி (மருந்தைப் பற்றவைக்கும் பொறி), இவற்றுள் பலவற்றில் குழலின் இடப்புறம் இருக்கிறது. அதை இயக்கும் வில், தகட்டின் பின்னே மறையாமல் வெளியே தெரிகிறது. அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டு, கொடிச் செதுக்கலும் யானைத்தந்தமும் வெள்ளியுமாக முடிகிறது. வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் முறையை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயற்காவலுக்கு இருந்த இடியன் துவக்கை அறிந்த மூத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு அலங்காரம் இருப்பதால் இவை வெறும் ஆடம்பரப் பொருள்கள் என்று சொல்வோருமுண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவின் கம்மியர் செய்த துவக்குக் குழல்களை ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கொட்டன் வியந்து எழுதியிருப்பதை நோக்க, அந்த முடிவை நான் ஏற்கவில்லை.

விந்தையான துவக்கு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெயரும் ஆண்டும் எழுதிவிட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் வேடிக்கைப் பொருள்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானியக் கடற்படைக்கு ஹென்றி நொக் செய்துகொடுத்த ஏழு குழல் துவக்கை எடுத்துக்கொள்வோம். ஏழும் ஒருசேர வெடிக்கையில் அதன் உதைப்பு சுடுபவரின் தோளைப் பதம்பார்த்தது என்பதையும், அதன் தீப்பொறி கப்பற்பாயைப் பற்றவைத்துவிடும் என்று அஞ்சினார்கள் என்பதையும் அறிந்த பின்னரே, அது ஏன் நிலைக்கவில்லை என்பது விளங்கும்.

கண்டிப் பொருளுக்கும் கிழக்குக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கலாம். 1638 மே மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள் ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்க மன்னரும் சேர்ந்துதான். கண்டி சூறையாடப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1766 இல், ஒப்பந்தத்தின் மூலம் கண்டி அரசு விட்டுக்கொடுக்க நேர்ந்த கரையோரத்தில் நமது கரையும் இருந்தது. எனவே புளியந்தீவிலுள்ள அந்த மட்டக்களப்புக் கோட்டையில் எஞ்சியுள்ள பழைய பீரங்கிகளையும் கொழும்புக்கு வந்துசேர்ந்த அந்தப் பெருந்துவக்குகளையும் ஒரே வரலாற்றின் சான்றுகளாகவே கொள்ள வேண்டும்.

கோட்டைப் பீரங்கி ஒவ்வொன்றின் அருகிலும் அதன் வாய் விட்டம், குண்டின் நிறை, வார்ப்பு அடையாளம் ஆகியவற்றைத் தமிழிலும் விரிவாகச் சொல்லும் பலகையை நாட்டி, கண்டித் துவக்குகளின் பெரிய நிழற்படங்களையும் விசைப்பொறியின் வரைபடத்தையும் கோட்டைக்குள்ளேயே காட்சிப்படுத்துமாறு உரிய திணைக்களங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அளவெடுப்பதிலும் வாசகம் எழுதுவதிலும் நமது பல்கலைக்கழக வரலாற்று மாணவர்களை ஈடுபடுத்தினால் செலவும் அதிகமாகாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.