எங்கள் சின்னக் குயில்ட்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தையல் குழு நடத்திய சின்னக் குயில்ட் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொரு குயில்டுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை வைத்திருந்தோம். செய்தவர் பெயரும், எது தனக்குச் சந்தோஷம் என்று அவர் எழுதிய இரண்டு வரியும் அதில் இருந்தன. அதற்கு மேல் அட்டையில் இடம் இல்லை. ஆனால் இந்தக் குயில்ட்களில் வேறு பலருடைய கையும் இருக்கிறது. யாருடைய உழைப்பு எந்தக் குயில்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று என்னால் தொட்டுக் காட்ட முடியும். அதற்காகத்தான் இந்த மடல்.

வர முடியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றும் 12 அங்குலச் சதுரம். மேலே துண்டுத் துணிகளால் அமைத்த படம், நடுவில் மெல்லிய பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் படத்துக்கு மேடு பள்ளம் கொடுக்கிறது. குயில்ட் என்றால் வழக்கமாகப் போர்வை. எங்களுடையவை போர்த்திக்கொள்வதற்கு இல்லை, சுவரில் மாட்டுவதற்கு. உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: உங்களுக்குச் சந்தோஷம் தருவது எதுவோ, அதைத் தைத்துக் கொண்டு வாருங்கள்.

யோசனையைத் தந்தவர் எங்கள் உறுப்பினர் ஒருவரின் தங்கை. ஹூஸ்டனில் இருக்கிறார். அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேசக் குயில்ட் விழாவைத் தவறவிட மாட்டார். பார்த்துவிட்டு வந்த கையோடு வீடியோ காலில் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் அவருக்கு. நியூயார்க்கின் விட்னி மியூசியம் 1971-ல் பழைய அமெரிக்கக் குயில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியதையும், 1979-ல் ஒஹாயோவில் ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகையில் கலைக் குயில்ட்களுக்கென்றே ‘குயில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எங்களை அசைத்தது அவர் சொன்ன இன்னொரு விஷயம். ஏமி சிம்ஸ் என்ற அமெரிக்கக் குயில்ட் கலைஞரின் தாய்க்கு அல்சைமர் என்ற மறதி நோய். 2006-ல் ஏமி நாடு முழுவதும் உள்ள தையல்காரப் பெண்களிடம் சின்னக் குயில்ட்கள் கேட்டார். எதுவும் 9-க்கு 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அவற்றை விற்றும் ஏலம் விட்டும் 2013 வரை அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிவிட்டார்கள். ஒரு முழுப் போர்வை தைக்க மாதக்கணக்கில் உட்கார வேண்டும், மெஷினும் பெரிதாக வேண்டும், விரித்துப் போட இடம் வேண்டும். இந்த அளவு என்றால் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம் போதும். எங்களில் பாதிப் பேர் துணிந்து இறங்கியது அதனால்தான். தங்கையே, ஊசிகள் அனுப்பியதற்கும், பின்பக்கம் மாட்டும் குச்சியை நுழைக்கத் துணிக்குழாய் தைக்கும் முறையைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காட்டியதற்கும் மிக்க நன்றி.

அடுத்து, எங்கள் தெரு மெத்தைக்கடை பாய். நடு அடுக்குக்கு இலவம் பஞ்சு கேட்டுத்தான் அவரிடம் போனோம். அவர் விற்றிருந்தால் அவருக்கு வியாபாரம். ஆனால் ஒரு பிடி பஞ்சை எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்து, “இதுல நீளமா பிரிச்சுப் பாருங்கம்மா” என்றார். பிரிக்கப் பிரிக்க வழுக்கிக்கொண்டு தனித்தனியாகப் பறந்தது. இலவம் இழை ஒன்றை ஒன்று பற்றாது, தலையணைக்குள் அடைத்தால்தான் நிற்கும், மெல்லிசாகப் பரப்பித் தைத்தால் ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும் என்று விளக்கினார். பருத்திப் பஞ்சைத் தகடாக அமுக்கி வருவதை எங்கே வாங்கலாம் என்றும், அது கிடைக்காதவர்கள் பழைய ஃபிளானல் போர்வையை இரண்டாக மடித்து வைக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். சுவரில் மாட்டிய அத்தனை குயில்டும் தொய்வில்லாமல் நின்றதற்குக் காரணம் பாய்தான். உங்கள் வியாபாரம் தழைக்கட்டும் பாய்.

துணி தந்தவர் மார்க்கெட் பக்கத்து டைலர் அண்ணன். பிளவுஸ் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்துக் கொடுத்தார். அதோடு விடவில்லை. பருத்தி தனி, பாலியஸ்டர் கலந்தது தனி என்று பிரித்தும் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதால் எங்களுக்கு இது பெரிய உதவி. விரலால் தேய்த்தே கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி நுனியில் கெட்டியாக மணி கட்டும். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் இப்போது அந்தப் பரிசோதனை அத்துப்படி. அண்ணா, உங்கள் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்ட இந்தப் பேட்டைப் பெண்கள் அத்தனை பேரும் எங்கள் குயில்ட்களில் இருக்கிறார்கள்.

மெட்ராஸ் கட்டம் போட்ட துணிகளைத் தண்ணீர் தெளிகிற வரை அலசி, நிழலில் உலர்த்திக் கொடுத்த சலவைக்கார அக்காவையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கட்டம் சாயம் இறங்குவதையே ஒரு சிறப்பாக 1960-களில் அமெரிக்காவில் கொண்டாடியிருக்கிறார்கள். சட்டையாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு அது சரி. பக்கத்தில் வெள்ளைத் துணி வைத்துத் தைக்கிற எங்களுக்கு ஆகாது. அக்கா கைபட்ட ஒரு துண்டுகூடப் பக்கத்துத் துணியில் சாயம் இறக்கவில்லை.

மெஷின் மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும்.

எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற டீச்சர், எல்லோருக்கும் மாமி. அவருக்குச் சந்தோஷம் மார்கழிக் கோலம். இப்போது முட்டி மடங்குவதில்லை, வாசலில் குனிந்து போட முடிவதில்லை. அதனால் துணியில் போடுகிறேன் என்றார். தேர்ந்தெடுத்தது ஒரே இழையாக ஓடும் சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய், கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். வாசலில் போடும்போது எப்படிக் கையை எடுக்கக் கூடாதோ, அப்படியே மெஷினிலும் ஊசியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்று மாமிக்குப் பிடிவாதம். ஆனால் அவரிடம் இருப்பது அவர் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு உஷா மெஷின். துணியை நாமே எல்லாத் திசையிலும் நகர்த்தித் தைப்பதற்கு, அடியில் துணியைத் தள்ளும் பல் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். புது மெஷின்களில் பல்லை இறக்க ஒரு விசை உண்டு. மாமியின் மெஷினில் இல்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். மெல்லிய தகட்டைப் பல்லின் மேல் மூடுகிற அளவுக்கு வெட்டி, ஊசி இறங்க ஒரு துளை போட்டு, துணி சிக்காமல் இருக்க விளிம்பை அரத்தால் வழவழவென்று ராவிப் பொருத்தினார். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்னக் கூட்டை, அதாவது பாபின் கேஸை, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஓர் உதறு உதறினார். கொஞ்சம் இறங்கி நின்றது. “இவ்வளவுதாம்மா இறங்கணும். தானா ஓடினா லூஸு, அசையவே இல்லைன்னா டைட்டு” என்றார். மாமி தைக்கிற அன்று, பாதிக் கோலத்தில் அடிநூல் தீர்ந்துவிடக் கூடாதே என்று தானே பாபினை நிரப்பிக் கொடுத்து, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று காலை அவர் கடை திறக்கவில்லை. மாமி மிதிக்க, துணி சுழல, வெள்ளை இழை ஒரு தடவைகூட அறுபடாமல் போய்ச் சேர்ந்தது. பிறகு மாமி ஒவ்வொரு புள்ளியையும் ஆங்கர் நூலில் முடிச்சுத் தையலாகக் கையால் போட்டார். சுற்றிலும் விளிம்புக்குக் காவி நிறத் துணி. பார்க்க வந்தவர்கள் அதிக நேரம் நின்றது இந்தக் குயில்டின் முன்னால்தான். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு மெக்கானிக் தகட்டுக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். ஐயா, அந்தக் கோலத்தில் பாதி உங்களுடையது என்று மாமி சொல்லச் சொன்னார்.

செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தன் அப்பாவின் பழைய வேட்டியைப் பார்சல் போட்ட தம்பிக்கும் நன்றி. எங்கள் உறுப்பினரான அவருடைய அக்காவுக்குச் சந்தோஷம் பம்புசெட்டில் குளித்த நாட்கள். குழாயிலிருந்து பீறிட்டு விழும் தண்ணீருக்கு எந்தப் புதுத் துணியும் சரிப்படவில்லை. துவைத்துத் துவைத்து இழை தேய்ந்த அந்த வேட்டியின் ஒரு முழத்தில் குறுக்கு இழைகளை உருவிவிட்டதும், மீந்த நெட்டு இழைகள் அப்படியே தண்ணீராக விழுந்தன. தம்பி, அப்பாவின் வேட்டியை வெட்டச் சம்மதிப்பது உங்களுக்கு எளிதாக இருந்திருக்காது என்று எங்களுக்குத் தெரியும்.

அதே போலத் தன் பாட்டியின் மதுரைச் சுங்குடிச் சேலையைக் கத்தரிக்கக் கொடுத்த பெண்ணுக்கும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடி அது. ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் வேறு, ஓரம் கலங்கி, நடுவில் சின்னக் கண் வைத்திருக்கும். அச்சடித்த புள்ளியில் அது வராது. மொட்டைமாடியில் படுத்து வானம் பார்ப்பதுதான் அவருடைய சந்தோஷம். கருநீலச் சேலையின் புள்ளிகளே நட்சத்திரமாகிவிட்டன, அவர் தைக்க வேண்டியிருந்தது கைப்பிடிச் சுவரும் விரித்த கோரைப்பாயும் மட்டும்தான்.

ஹாலை வாடகை இல்லாமல் தந்தவர்கள், மரக்குச்சிகளை அளவாக இழைத்துத் தந்த ஆசாரி, கண் கூசாமல் விளக்குப் போட்ட எலக்ட்ரீஷியன் தம்பி, அட்டைகளைத் தமிழில் அழகாக எழுதிய கல்லூரிப் பிள்ளைகள், சாப்பாட்டு மேசையைத் தையல் மேசையாக விட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்கள் வீட்டார் எல்லோருக்கும் நன்றி.

ஒருவர் பாக்கி. பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நர்ஸ். கண்காட்சிக்கு வந்தவர் ஒன்று விடாமல் நிதானமாகப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாபகம் தடுமாறுகிற பெரியவர்கள் தங்கள் அறை எது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்கிறார்கள், கதவு எண் அவர்களுக்கு உதவுவதில்லை, பழகிய படம் ஒன்று கதவில் இருந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்றார். விவசாயம் பார்த்த ஒரு தாத்தாவுக்குப் பம்புசெட் கிடைக்குமா என்று கேட்டார். இத்தனை நாளும் எங்கள் சந்தோஷத்தைத் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அது இன்னொருவருக்கு அறையைக் காட்டும் என்று தோன்றியிருக்கவே இல்லை. சிஸ்டர், இதை எங்களிடம் கேட்டதற்கு உங்களுக்கு மனமார்ந்த நன்றி. வேட்டி கொடுத்த தம்பியிடம் போனில் கேட்டோம். உடனே சரி என்றார். மாமியும் கோலத்தைத் தருகிறார்.

மற்றவர்களில் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். அந்த அறையில் இருப்பவருக்கு எது பிடிக்கும் என்று சிஸ்டர் கேட்டுவந்து சொல்வார், அதற்கேற்பப் பார்த்துக் கொடுப்போம். திரும்ப வாங்கிக்கொள்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் மாமி வீட்டுக்கு வாருங்கள். மடிக்க வேண்டாம், மடிப்பு விழுந்தால் பஞ்சில் தடம் நின்றுவிடும். படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி எடுத்துப் போங்கள். டைலர் அண்ணன் அடுத்த மூட்டையைக் கட்டி வைத்துவிட்டார், வரும்போது யாராவது ஒருவர் கடையில் எட்டிப் பார்த்து வாங்கிவந்தால் நல்லது.

அன்புடன்,
குயில்ட் தைத்த எல்லோர் சார்பாகவும்